நான்கு வளையல்களுக்குத் தேறியது

என் கணவரிடமிருந்து என்னை அத்துவிடுவது என்று பெரியவர்கள் முடிவு செய்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. எண்பதுகளின் நடுப்பகுதி. கல்யாணமாகி மூன்றரை வருடம் ஆகியிருந்தது. அதில் கடைசி ஒரு வருடம் ராஜபாளையத்தில் அம்மா வீட்டில்தான் இருந்தேன். பொங்கலுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. யாரும் வந்து கூப்பிடவும் இல்லை.

ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒழுங்கான பதில் இருந்ததில்லை. அவர் குடிக்கமாட்டார். கை நீட்டியதில்லை. மாமியார் நாக்கு கொஞ்சம் நீளம், ஆனால் எந்த மாமியாருக்கு இல்லை. அவர் பேசமாட்டார், அவ்வளவுதான். அதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். "பேசாத மாப்பிள்ள கெடைக்க குடுத்துல்ல வச்சுருக்கணும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். பேசாத ஒருவரோடு ஒரே வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருப்பது எப்படிப்பட்டது என்று அவளுக்கு விளக்க எனக்குத் தெம்பு இல்லை. சோற்றைப் போட்டால் சாப்பிடுவார். குழம்பு வேண்டுமா என்றால் தட்டை லேசாக நகர்த்துவார். படுக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

முதல் வருடம் அப்படி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பின்பக்கத் தெருவில் அவருக்கு, மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை இருந்தது. வன்னியம்பட்டி, மம்சாபுரம் பக்கத்துக் கிணறுகளில் எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களை மாட்டுவண்டியிலும் டிராக்டரிலும் போட்டுக்கொண்டு வருவார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்து, யாருடைய மோட்டார் எப்படி எரிந்தது, அந்தக் கிணற்றுக்காரச் சம்சாரி என்ன சொல்லி அழுதார் என்றெல்லாம் நடித்துக் காட்டுவார். நான் சிரித்துப் புரையேறியிருக்கிறேன். அடுத்த வருடம் மழை பொய்த்தது. கிணறுகள் வற்றின. ஓடாத மோட்டார் எரியாது. கடையில் வேலை இல்லை. அந்தச் சமயம் பார்த்து அவருடைய தங்கைக்குக் கல்யாணம் கூடி வந்தது.

என் நகைகள் அடகுக்குப் போனது அப்போதுதான். என்னிடம் கேட்டுத்தான் எடுத்தார். "ஆறு மாசத்துல மீட்டுருவேன்" என்றார். நான் பீரோச் சாவியைக் கொடுத்தேன். அந்த வாரத்திலிருந்துதான் அவர் பேச்சு குறைந்தது. கடன் கவலை என்று நினைத்துக்கொண்டேன். தங்கை கல்யாணம் முடிந்தது, மழையும் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. அடகு வைத்த ஆரமும் இரட்டைவடச் சங்கிலியும் வட்டி கட்ட முடியாமல் ஏலத்தில் போயின. அதையாவது அவர் வாயால் சொல்லியிருக்கலாம். மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

கல்யாணத்தின்போது அப்பா எனக்குப் போட்டது இருபது பவுன். ஆரம் ஐந்து, சங்கிலி நான்கு, தாலிக்கொடி மூன்று, ஜிமிக்கி, மாட்டல், மோதிரம் எல்லாம் சேர்த்து இரண்டு. மீதி ஆறு பவுன் நான்கு பட்டை வளையல்கள். அகலமாக, கனமாக, பார்க்கிறவர்கள் இரண்டாம் தரம் பார்க்கும்படி இருக்கும். அப்பா ஒரு நூல் மில்லில் மேஸ்திரி. மில் மேஸ்திரி ஒருவர் மூத்த பெண்ணுக்கு இருபது பவுன் போட்டார் என்பது எங்கள் தெருவில் ரொம்ப நாள் பேசப்பட்டது.

பெரியவர்கள் கூடிப் பேசியபோது அந்த இருபது பவுன்தான் முக்கால்வாசிப் பேச்சாக இருந்தது. இருக்கிற நகையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஏலத்தில் போன ஒன்பது பவுனுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றார்கள். புது நகை விலைக்கா, பழைய தங்க விலைக்கா என்று சண்டை வந்தது. புது விலை என்றால் கூலி, சேதாரம் எல்லாம் சேரும். பழைய விலை என்றால் உருக்கினால் என்ன தேறுமோ அது மட்டும். கழுத்தில் போட்டுத் தேய்ந்த நகைக்குப் பழைய விலைதான் நியாயம் என்று முடிவானது. அந்தத் தங்கம் என்ன மாற்று, எவ்வளவு சுத்தம் என்று தெரியாமல் விலை போட முடியாதே. ஆரமும் சங்கிலியும்தான் கையில் இல்லை. ஒருவர் யோசனை சொன்னார். எல்லாம் ஒரே ஆசாரி செய்த நகைதானே, இருக்கிற நகையைக் கடையில் கொடுத்து மாற்று பார்ப்போம், அதே கணக்கை இல்லாத நகைக்கும் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"உரசிப் பாத்தாப் போதும். வெட்டுறது உருக்குறதெல்லாம் வேண்டாம். சின்னவளுக்கு அப்படியே ஆகும்லா" என்றார். எனக்கு அடுத்து ஒரு தங்கை இருந்தாள். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் என் சித்தப்பாவுக்கு, அதாவது அப்பாவின் தம்பிக்கு, மாப்பிள்ளை வீட்டார் மேல் சந்தேகம் இருந்தது. "மூணு வருசம் அவிய பீரோவுல கெடந்த நக. கவரிங்க மாத்தி வச்சிருந்தா ஆருக்குத் தெரியும். நல்லா வெட்டியே பாத்துருவோம்ணே" என்றார். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

எங்கள் ஊர்க் கடை வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் இரண்டு பக்கத்துக்கும் பழக்கமில்லாத ஒரு நகைக்கடையில் பார்ப்பது என்று ஏற்பாடு. நானும் சித்தப்பாவும் காலையில் கிளம்பினோம். அப்பாவுக்கு அன்றைக்கு இரண்டாவது ஷிப்ட், நினைத்திருந்தால் வந்திருக்கலாம். வரவில்லை. நாங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, பஸ் ஜன்னலுக்குக் கீழே நின்று, "வளையல வெட்ட விட்டுறாத, என்ன" என்று என்னிடம் இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போனார். சரி என்றேன். எனக்கு எதை வெட்டினாலும் ஒன்றுதான். ஒரு வருடமாக ஒவ்வொருவர் வீட்டிலும் உட்கார்ந்து ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி, அது யாருக்கோ நடந்தது போல ஆகியிருந்தது. சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்றுதான் இருந்தது.

கடையில் அவரும் அவருடைய தாய்மாமனும் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் நகைகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். நகத்தில் வார்னிஷ் கறை அப்படியே இருந்தது. என்னைப் பார்த்து எழுந்து, தான் உட்கார்ந்திருந்த மின்விசிறிக்குக் கீழான இடத்தைக் காட்டிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். 

கடைக்காரருக்கு நல்ல ஜலதோஷம். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வேலையைப் பார்த்தார். முதலில் வெள்ளி. குத்துவிளக்கு, சந்தனக் கும்பா, என் கொலுசு. குத்துவிளக்கின் தண்டைத் திருகி உள்ளே இருந்த இரும்புக் கம்பியை உருவிப் போட்டார். கொலுசை உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்த்தார். "மணிக்கு மணி பொடி வச்சு ஊதி ஒட்டியிருக்கு தாயி. உருக்குனா இதுல கால்வாசி காணாமப் போயிரும்" என்று எடையில் கழித்தார். அந்தக் கொலுசு வாங்கிய அன்று, வெள்ளி விலைக்கு மேல் அந்த மணிகளுக்கென்று தனியாகக் கூலி வாங்கியது எனக்கு நினைவிருந்தது.

பிறகு ஜிமிக்கி. வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தார். ஊசியால் கற்களை ஒவ்வொன்றாக நெம்பி ஒரு தாளில் போட்டார். சிவப்புக் கற்கள். காதில் இருக்கும்போது பெரிதாகத் தெரிந்தவை, தாளில் மாதுளை முத்துப் பிசிறு போலக் கிடந்தன. "கல்லு எடையில சேராது" என்றார். அடியில் இருந்த அரக்கைச் சூடு காட்டி வழித்து எடுத்தார். அதுவும் சேராது. அழுக்கு என்று கொஞ்சம் கழித்தார். வாங்கும்போது சேதாரம் என்று நம்மிடம் வாங்கிக்கொள்வது போதாமல், விற்கும்போது அழுக்கு என்று இன்னொரு தரம். மிஞ்சிய தங்கத்தைக் கறுப்பு உரைகல்லில் இழுத்து, திராவகம் தொட்டு, கோட்டைப் பார்த்தார். மாற்று நன்றாக இருப்பதாகச் சொல்லி ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார். மோதிரமும் மாட்டலும் அப்படியே ஆயின.

கடைசியாக வளையல்கள். உரைகல்லில் இழுத்தார். நல்ல மஞ்சள் கோடு. திராவகத்தில் கலையவில்லை. "இதுவும் அதே மாத்துதான்" என்று தராசில் வைக்கப் போனார்.

"அண்ணாச்சி, அதுல ஒண்ண வெட்டிப் பாத்துருங்க" என்றார் சித்தப்பா.

"வேண்டாம் சித்தப்பா. அப்பா வெட்ட வேண்டாம்னு சொன்னாக" என்றேன்.

"ஒங்கப்பன் ஒரு ஏமாளி. நீங்க வெட்டுங்க அண்ணாச்சி. ஆரு வீட்டுல கெடந்துட்டு வருதோ."

அவருடைய தாய்மாமனுக்குச் சுருக்கென்று ஏறியது. "வெட்டித்தான் பாக்கட்டுமே. எங்களுக்கென்ன பயம்" என்றார்.

கடைக்காரர் வளையலைத் திருப்பி உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார். வெட்டுக் கத்திரியை எடுக்கப் போன கை நின்றது. "இதுல ஏற்கெனவே ஆரோ அரம் போட்டுப் பாத்துருக்காங்களே" என்றார். உள்பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம். அந்த வளையலைப் போடும்போது உள்ளே ஏதோ நெருடுவது எனக்கு ஞாபகம் வந்தது. கீறல் என்று விட்டிருந்தேன். கடைக்காரர் அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு திராவகம் விட்டார். பச்சையாக நுரைத்தது.

கடைக்காரர் கத்திரியால் வளையலை அழுத்தி வெட்டினார். வெட்டுவாயில் ஓரத்தில் மட்டும் மெல்லிய மஞ்சள். நடுவில் சிவப்பு. தடித்த செம்புக் கம்பி, அதன் மேல் சுற்றிய தங்கத் தகடு. மற்ற மூன்றையும் வெட்டினார். மூன்றும் அப்படித்தான்.

சித்தப்பா எழுந்துவிட்டார். "நான் சொன்னேம்லா. மாத்திட்டானுவ. செம்புக் கம்பியிலயே பொழப்பு நடத்துறவனுக்கு இது எம்புட்டு நேர வேல. பாவம்னு எங்கண்ணன் வெட்ட வேண்டாம்னான்."

தாய்மாமன் தன் மருமகனைத் திரும்பிப் பார்த்தார். மாமனுக்கும் ஒன்றும் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. "ஏலே, என்னலே இது" என்றார்.

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு சின்ன மாமா" என்றார்.

"வந்தப்பவே இருந்துச்சுன்னா அன்னைக்கே கேக்க வேண்டியதுதான. இம்புட்டு நாளு வாயில என்ன வச்சிருந்த?"

பஜாரில் போகிறவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். கடைக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சத்தம் போடாதீங்கய்யா, யாவாரம் நடக்குற எடம்" என்றார். நான் வெட்டிக் கிடந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஜன்னலுக்குக் கீழே அப்பா நின்ற நிலை கண் முன்னால் வந்தது. வேர்த்துப்போய், மூச்சு வாங்க, சைக்கிள் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. சின்னவளுக்கு ஆகும் என்பதற்காக ஒரு மனிதர் அவ்வளவு வேகமாகச் சைக்கிள் மிதித்து வரமாட்டார்.

"உக்காருங்க சித்தப்பா" என்றேன். "அவிய சொல்லுதது நெசம்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுல போய் அப்பாட்டக் கேட்டுக்கிடலாம். இங்க வச்சுப் பேச வேண்டாம்."

சித்தப்பா என்னைப் பார்த்தார், வளையலைப் பார்த்தார், உட்கார்ந்தார். அவர் முட்டாள் இல்லை.

இப்போது தாய்மாமன் முறை. "அப்ப நாங்க எதுக்கு ஒம்பது பவுனுக்குத் துட்டு தரணும்? செம்பப் போட்டு அனுப்பிட்டு எங்க கிட்டத் தங்கம் கேக்குறாகளா" என்று ஆரம்பித்தார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

"போன ஆரமும் சங்கிலியும் தங்கந்தான் மாமா. ஏலத்துல தங்கம்னுதான எடுத்தான். அதுக்குக் கணக்குப் போடுங்க அண்ணாச்சி" என்றார் என் கணவர்.

கடைக்காரர் ஜிமிக்கிக்குப் போட்ட மாற்றையே ஒன்பது பவுனுக்கும் போட்டார். தேய்மானம் கழித்தார், அன்றைய விலையால் பெருக்கினார், தாளைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார். வளையல்களின் தகட்டை உரித்து எடுத்துத் தனியாக நிறுத்தார். நான்கும் சேர்த்து ஒன்றே கால் பவுன் தேறியது. செம்பை என்ன செய்ய என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் அதையும் ஒரு பொட்டலமாகக் கட்டி என்னிடம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் சித்தப்பா டீ குடித்துவிட்டு வாரேன் என்று ஒரு பக்கம் போனார். தாய்மாமன் கும்பிடு கூடப் போடாமல் இன்னொரு பக்கம் போனார். ராஜபாளையம் பஸ் நிற்கும் இடத்தில் நான் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் வந்து பக்கத்தில் நின்றார். பங்குனி வெயில். அங்கே நிழல் என்று இருந்தது ஒரு சோடாக்கடைத் தட்டி மட்டும்தான்.

"அரம் போட்டது எப்ப?" என்று கேட்டேன்.

"தங்கச்சி கல்யாணத்துக்கு அடகுக்குக் கொண்டுபோனேம்லா, அப்ப. மொதல்ல வளையலத்தான் கொண்டுபோனேன். ஆரம் நீ ஆசையாப் போடுவியேன்னு. அடகுக்கடைக்காரரு அரத்தப் போட்டுப் பாத்துட்டு எம் மூஞ்சிய ஒரு மாதிரியாப் பாத்தாரு. இதுக்குத் துட்டு தர மாட்டேன், எடுத்துட்டுப் போயிருன்னாரு. நான் பாக்காத செம்பா. பொறவுதான் வீட்டுக்கு வந்து ஆரத்தையும் சங்கிலியையும் எடுத்துட்டுப் போனேன்."

அவர் தொடர்ந்து அவ்வளவு பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"எங்கிட்டச் சொல்லலியே."

அவர் சோடாக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒனக்கும் தெரியும்னு நெனச்சேன்" என்றார். "தெரிஞ்சுதான் சாவியக் குடுத்தன்னு நெனச்சேன். வளையல எடுங்கன்னு நீதான சொன்ன."

சொல்லியிருக்கிறேன். ஆரத்தை விட வளையல்தானே கனம், அதிகப் பணம் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் மனதுக்குள் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது. அப்பனும் மகளும் சேர்ந்து நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள், இவள் அதைச் சிரித்த முகத்தோடு செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அதைக் கேட்கவும் முடியாமல், ஒவ்வொரு ராத்திரியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"ஒனக்குத் தெரியாதுன்னு இப்பத் தெரியுது."

"எங்க அப்பாட்டயாவது கேட்டுருக்கலாம்லா."

"எப்படிக் கேக்க. ஷிப்ட் முடிஞ்சு அம்புட்டுத் தூரம் சைக்கிள்ல வந்து ஒன்னப் பாத்துட்டுப் போவாரு. வரும்போதெல்லாம் எதையாவது வாங்கிட்டு வருவாரு. என்னப் பாத்தா எந்திரிச்சு நிப்பாரு. மாமனாரு எதுக்கு எந்திரிச்சு நிக்காருன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். அவர்ட்டப் போயி என்னத்தக் கேக்க."

பஸ் வந்தது. சித்தப்பா டீக்கடையிலிருந்து ஓடி வந்தார். நான் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இப்போது யாராவது இதைக் கேட்டால், அந்த இடத்தில் இறங்கி அவரோடு வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று சொல்வார்கள். எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் இறங்கினால் மறுபடியும் எல்லோரையும் கூட்ட வேண்டும். ஏன் சேர்ந்தோம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அப்பா பெயர் வரும். சொல்லாமல் அந்த வீட்டுக்குள் போனால் மாமியார் ஒரு நாளும் விடமாட்டார். இதையெல்லாம் ஒரு நொடியில் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்கவே முடியாத அளவுக்குக் களைப்பாக இருந்தது. அவர் முகத்திலும் அதே களைப்புதான். தப்பு யார் மேல் என்று தெரிந்துவிட்டால் மனது லேசாகிவிடும் என்பார்கள். எங்கள் இருவருக்கும் அப்படி ஆகவில்லை.

சித்தப்பா வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். எங்கள் தெருமுனையில், "நான் வீட்டுக்கு வரல தாயி. அண்ணன் மூஞ்சியில முழிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தார்.

அப்பா அன்று ஷிப்டுக்குப் போகவில்லை. மில் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு பொட்டலங்களையும் அவர் பக்கத்தில் வைத்தேன். தங்கப் பொட்டலத்தை அவர் தொடவில்லை. மற்றதை விரலால் தடவிப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

"மாப்பிள்ள என்ன சொன்னாரு?"

"அவியளுக்கு ரெண்டு வருசமாத் தெரியுமாம்."

அப்பா தலை குனிந்தார். "ஒங் கல்யாண வருசம் ஒங்கம்மாவுக்கு ஆபரேஷன். இருபது பவுன்னு வாய விட்டுட்டேன். ஒரு வருசத்துல நல்ல வளையலாச் செஞ்சு மாத்திக் குடுத்துரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள மில்ல ஆறு மாசம் பூட்டிப் போட்டுட்டான். ஒவ்வொரு தடவ அங்க வரும்போதும் சொல்லிரணும்னுதான் வருவேன்."

அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அவள் எனக்குச் சோறு எடுத்து வைத்தாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தூங்கினேன்.

அடுத்த வாரம் பெரியவர்கள் முன்னால் தாலியைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தேன். தாலி அவர்களுடையது, கொடி எங்களுடையது. ஒரு பெரியவர் இரண்டையும் பிரித்து எடுத்தார். முடிச்சு இறுகியிருந்ததால் நேரம் பிடித்தது. வளையலைப் பற்றி இரண்டு பக்கத்திலும் யாரும் பேச்செடுக்கவில்லை. ஒன்பது பவுனுக்கு உண்டான பணத்தை அவர் அந்த வருடத்துக்குள் கொடுத்து முடித்தார். அதைச் சித்தப்பா கையில்தான் கொடுத்தனுப்பினார். பிறகு அவருக்குச் சுந்தரபாண்டியத்தில் பெண் எடுத்ததாகக் கேள்விப்பட்டேன்.

நான் பேண்டேஜ் துணி சுற்றும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். நாள் முழுக்க நின்றபடி துணியைச் சுருட்ட வேண்டும், தாளில் பொதிய வேண்டும். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறும். சாயங்காலம் கால் வீங்கிவிடும். ஆனால் அங்கே யாரும் என்னிடம் கதை கேட்கவில்லை, அவரவர் கதை அவரவர்க்கு இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். திருப்பி வந்த பணத்தில் பாதிக்கு மேல் அம்மாவின் வைத்தியத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் போயிருந்தது. மீதியில் கொஞ்சம் வாங்கியதையும் சேர்த்து, கையில் நகையாக இருந்தது ஏழு பவுன். மம்சாபுரத்திலிருந்து ஒரு வீட்டார் பேசி முடிக்க வந்தார்கள். அத்துவிட்டு வந்தவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக்கூடாது என்பதால் நான் அடுப்படியில் இருந்தேன். காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது முன்னறையில் அப்பாவின் குரல் கேட்டது. "பதினஞ்சு பவுன் போட்டுருவோம். அதுக்குக் கொறவு வைக்க மாட்டோம்."

அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் டம்ளரை அடுக்கினாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். வந்தவர்கள் நான் யார் என்று பார்த்தார்கள். காபியைக் கொடுத்துவிட்டு, "ஏழு பவுன்தான் இருக்கு. அதுக்கு மேல எங்களால ஏலாது. வேணும்னா ஏழையும் வெட்டிப் பாத்துக்கிடுங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. கோபமெல்லாம் இல்லை. இன்னொரு தரம் அப்படி ஒரு கடையில் போய் உட்கார என்னால் முடியாது, அவ்வளவுதான்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வந்தவர்கள் காபியைக் குடித்து முடித்து, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். சொல்லி அனுப்பவில்லை.

அம்மா அன்று ராத்திரி முழுக்கத் திட்டினாள். தங்கை திட்டவில்லை, என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அது எனக்குப் பழக்கமான தண்டனைதான் என்றாலும் வலித்தது. பல மாதம் அப்படியே போனது. ஒரே பாயில் படுத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் தாங்கமாட்டாமல், "எம்மேல என்ன நெனச்சிருக்கன்னு வாயத் திறந்து சொல்லிரு. தப்பா இருந்தாலும் சொல்லிரு" என்றேன். அவள் அழுதாள். அந்த மம்சாபுரத்து மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்ததாம். வளையல் கதையை அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, பிடித்திருந்தது பிடித்திருந்ததுதான் என்றாள்.

அடுத்த வருடம் உள்ளூரிலேயே ஒரு வீட்டில் கேட்டார்கள். மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். இந்தத் தடவை அப்பாவே, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏழு என்றார். அவர்கள் தங்களுக்குள் கொஞ்சம் பேசிக்கொண்டு சரி என்றார்கள்.

கல்யாண மண்டபத்தில் எனக்கு ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுத்து உள்ளே உட்கார்த்தி வைத்தார்கள். அரிசி, தேங்காய், இலைக்கட்டு எல்லாம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. தாலி கட்டும்போது மேளச் சத்தம் மட்டும் கேட்டது. நான் எழுந்து கதவருகே போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். கடைசிப் பந்தி நடக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். பருத்த உடம்பு. அவருக்கும் காலையிலிருந்து நின்று கால் வலி போல, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நீ சாப்ட்டியா?"

"இல்ல. பந்தி முடியட்டும்னு இருக்கேன்."

"வா, நானும் சாப்புடல." என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார வைத்தார். இலை போடும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மம்சாபுரத்துக்காரங்க கிட்ட ஏழுன்னு சொன்னது நீதான? கேள்விப்பட்டேன். எங்க வீட்டுல இன்னும் ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு. இனி எங்களையும் ஆராவது கேட்டா, மருமகளுக்கே ஏழுதான் வந்துச்சு, நாங்க அதுக்கு மேல எங்க போகன்னு சொல்லிக்கிடலாம்லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பரிமாறுகிறவர் வந்து பாயசம் தீர்ந்துவிட்டது என்றார். மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தோம்.